வினாத்தாளில் 'மதம்' என்றொரு கட்டம்: டிக் போடும் முன் சில கேள்விகள்

கிராமங்களுக்குக் கள ஆய்வுக்கு வரும் மாணவத் தோழர்களின் வினாத்தாள்கள் பல எங்கள் கைக்கு வருகின்றன. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் முதல் பக்கம் மட்டும் மாறுவதே இல்லை. பெயர், வயது, பாலினம், மதம், சாதி. மதத்துக்கு நான்கு கட்டங்கள் போட்டிருப்பார்கள்: இந்து, கிறித்தவர், முஸ்லிம், மற்றவை. ஒன்றில் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். பிறகு அட்டவணை, சதவீதம், 'மத அடிப்படையில் வேறுபாடுகள்' என்றொரு அத்தியாயம்.

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

பிளவக்கல் அணைக்குக் கீழே, வத்திராயிருப்பு வட்டார ஊர்களில், ஒரு தலித் குடும்பத்தை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? சாதிச் சான்றிதழில் இந்து. ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் ஜெபக்கூடத்துக்குப் போகிறார்கள். ஆடி அமாவாசைக்கு அப்பா சதுரகிரி மலை ஏறுகிறார். குலசாமிக்குக் கிடா வெட்டும்போது எல்லாரும் போய் நிற்கிறார்கள். வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா படம். 'உங்க மதம் என்ன?' என்று கேட்டால் அவர்கள் பதில் சொல்வதற்கு முன் கேட்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். எந்த ஆபீசிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். இதைக் குழப்பம் என்றோ மூடநம்பிக்கை என்றோ எழுதிவிடாதீர்கள். அந்தக் கேள்வியால் என்னவெல்லாம் பறிபோகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு நம் வினாத்தாளுக்குத்தான் இல்லை.

எங்கள் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 'மதம்' என்பது சமூகத்தை ஆய்வு செய்ய உதவும் கருவி அல்ல. அதுவே ஆய்வுக்கு உட்படுத்தப்பட வேண்டிய பொருள். யார், எப்போது, எதற்காக ஒன்றை 'மதம்' என்றும் இன்னொன்றை 'மதம் அல்ல' என்றும் பிரித்தார்கள் என்று கேட்டால் சாதியின் வரலாறு வெளியே வரும். அதைக் கேட்காமல் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால், சாதி ஒளிந்துகொள்ள நாமே இடம் கொடுத்தவர்களாவோம்.

சொல்லின் கதை

தமிழில் 'மதம்' என்ற சொல் பழையது. ஆனால் அதன் பழைய பொருள் வேறு. நன்னூல் படித்தவர்களுக்கு 'எழுவகை மதம்' நினைவிருக்கும். பிறர் கருத்தோடு உடன்படுவது, மறுப்பது என்று ஒரு நூலாசிரியர் எடுக்கும் நிலைப்பாடுகளையே அங்கே மதம் என்கிறார்கள். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை என்றொரு பகுதி இருக்கிறது. வைதிகவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று ஒவ்வொருவரும் தங்கள் கொள்கையைச் சொல்லச் சொல்ல மணிமேகலை கேட்கிறாள். இதில் கடவுளை ஏற்காதவர்களும் உண்டு. அங்கே சமயம் என்பது வாதிட்டு ஏற்கவோ தள்ளவோ கூடிய ஒரு கொள்கை. பிறந்தவுடன் ஒட்டிக்கொள்ளும் அடையாளமாக அது அங்கே இல்லை.

இன்று நாம் 'மதம்' என்று சொல்லும்போது மனதில் வருவது ஐரோப்பாவிலிருந்து வந்த 'ரிலிஜன்'. ஒரு நூல், ஒரு நிறுவனர், ஒரு வழிபாட்டுத் தலம், உள்ளத்தில் ஒரு நம்பிக்கை, அதை ஏற்றவர்களின் ஒரு கூட்டம். உலகத்தில் எல்லாரிடமும் இப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் அண்மைக்காலத்தது. வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித் 1962இலேயே இந்தச் சொல்லைக் கைவிடலாம் என்று எழுதினார். தலால் அசத் 1993இல் வந்த தம் நூலில் இன்னும் ஆழமாகப் போனார். சட்டம், அதிகாரம், அரசியல் ஆகியவற்றிலிருந்து பிரிந்து தனியே நிற்கும் 'மதம்' என்ற ஒன்றை உருவாக்கியது நவீன ஐரோப்பாவின் வரலாறுதான் என்று காட்டினார். சமூகவியல் வகுப்பில் துர்கைமின் புனிதம்–புனிதமற்றது என்ற பிரிவைப் பாடமாகப் படிக்கிறோம். அந்தப் பிரிவை எல்லா ஊருக்கும் பொதுவான அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இதெல்லாம் மேலைநாட்டுப் பேராசிரியர்களின் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் இந்தச் சண்டையின் மிகப் பழைய களங்களில் ஒன்று நம் மதுரை.

மதுரையில் ஒரு கோடு, சென்னையில் இன்னொரு கோடு

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார், தம்மைத் தத்துவ போதகர் என்று அழைத்துக்கொண்டார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் இவையெல்லாம் மதச் சின்னங்கள் அல்ல, நாட்டு வழக்கங்கள், ஆகவே கிறித்தவராக மாறிய பிராமணர் இவற்றை விட வேண்டியதில்லை என்பது அவர் வாதம். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அந்த வாதத்துக்குச் சாதகமாக ஆணையிட்டார். சாதி 'சிவில்' விஷயமாயிற்று, மதம் தனியே நின்றது. விளைவு என்ன? உயர்சாதியினரிடையே வேலை செய்யும் குருக்கள் ஒடுக்கப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக முடியாமல் போயிற்று. 1640 முதல் 'பண்டாரசாமிகள்' என்று ஒரு தனி வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். நற்செய்தி ஒன்று, அதைக் கொண்டு வருபவர்கள் மட்டும் இரண்டு சாதி.

இருநூறு ஆண்டுகள் கழித்துச் சென்னையில் சீர்திருத்தச் சபை மிஷனரிகள் கோட்டை வேறு இடத்தில் போட்டார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதியைக் கடுமையாகக் கண்டித்தது. சாதியின் வேர் இந்து மதத்தில்தான் இருக்கிறது, அதனால் கிறித்தவராகிறவர் சாதியை விட்டே ஆக வேண்டும் என்பது அவர்கள் நிலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். சாதி இந்து மதத்தின் பகுதி என்றால், மதம் மாறியவருக்குச் சாதி இல்லை. அவர் மேல் நடக்கும் சாதிக் கொடுமைக்கும் பெயர் இல்லை.

ஒருவர் சாதி மதம் அல்ல என்றார், அதனால் சாதி தேவாலயத்துக்குள் பத்திரமாக இருந்தது. மற்றவர் சாதி மதம்தான் என்றார், அதனால் தேவாலயத்துக்குள் இருந்த சாதி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சேரி அதே இடத்தில் இருந்தது. வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிகளைப் பிரித்து வைத்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது, அதற்கும் வழக்கு நடந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவரும் 2008இன் எறையூர் மோதலும் நம் காலத்துச் செய்திகள்.

நிலத்தைக் கேட்டவருக்கு ஆன்மா கிடைத்தது

அரசும் இந்தக் கோட்டைத் தனக்குத் தோதாக வைத்துக்கொண்டது. 1858இல் விக்டோரியா பிரகடனம் மத விஷயங்களில் தலையிடுவதில்லை என்று அறிவித்தது. அப்போது செங்கல்பட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் சேரி மக்கள் எப்படி இருந்தார்கள்? குடியிருக்கும் மனையே மிராசுதாருடையது, கடன் தலைமுறைகளாகத் தீராது, வேலையை விட்டுப் போனால் வீடும் போகும். இது உழைப்பையும் நிலத்தையும் பற்றிய பிரச்சினை. ரூபா விஸ்வநாத் 'பறையர் பிரச்சினை' பற்றிய தம் 2014ஆம் ஆண்டு நூலில் இதைத்தான் ஆவணங்களோடு எடுத்து வைக்கிறார். அடிமை உழைப்பாக இருந்த ஒன்று அதிகாரிகள், நில உடைமையாளர்கள், மிஷனரிகள் ஆகியோரின் பேச்சில் மெல்ல மெல்ல மதம், தீட்டு, ஆன்மிகம் சார்ந்த ஒன்றாக மாறிப்போகிறது. மத வழக்கம் என்று ஆகிவிட்டால் அரசு தலையிட வேண்டியதில்லை. மனம் திருந்த வேண்டும் என்று ஆகிவிட்டால் நிலத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு நடுவிலும் ஒரு கதவு திறந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. இன்றும் நாம் மீட்கப் போராடிக்கொண்டிருக்கும் பஞ்சமி நிலத்தின் தொடக்கம் அதுதான். அந்த அறிக்கை சேரியை நிலம், மனை, கூலி, கடன் என்ற தலைப்புகளில் பார்த்ததால்தான் அதிலிருந்து நிலம் வந்தது. எந்தச் சொல்லால் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே பதிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

பின்னால் வந்த சமூகவியலும் இந்த இடத்தில் நமக்குப் பெரிதாக உதவவில்லை. லூயி துமோன் 1966இல் எழுதிய புகழ்பெற்ற நூல் சாதியைத் தூய்மை–தீட்டு என்ற மதக் கருத்தியலாக விளக்கியது. அதிகாரமும் பொருளும் அதற்குக் கீழ்ப்பட்டவையாயின. பல ஆண்டுகள் அதுவே பாடம். அந்தப் பாடத்தில் தேறிய ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தால் டீக்கடைக் குவளையைப் பார்ப்பார், கண்மாய்ப் பாசனத்தில் யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்பதைப் பார்க்க மாட்டார்.

இந்து யார்? கேட்பவரைப் பொறுத்தது

1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஆணையர் கெய்ட் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். இந்து என்று பதியப்படுகிறவர்களில் பிராமணரின் மேன்மையை ஏற்காதவர் யார், கோயிலின் உட்பகுதிக்குள் அனுமதிக்கப்படாதவர் யார், தீட்டு ஏற்படுத்துவதாகக் கருதப்படுகிறவர் யார், மாட்டிறைச்சி உண்பவர் யார் என்று சாதி சாதியாகக் கேட்டது அந்தப் பட்டியல். கேட்டவுடன் பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஏன் என்பது எளிது. அந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுதினால் இந்துக்களின் எண்ணிக்கை சட்டென்று குறைந்திருக்கும். அம்பேத்கர் பின்னாளில் 'தீண்டப்படாதார்' பற்றிய தம் நூலில் இந்தக் கேள்விகளைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். அதற்கும் முன்பே அயோத்திதாசர் தம் மக்களை இந்து என்று பதியாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விடுதலைக்குப் பிறகு நிலைமை இன்னும் விசித்திரமாயிற்று. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. இந்து திருமணச் சட்டத்தைப் பாருங்கள். முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத எல்லாருக்கும் அது பொருந்தும். இங்கே இந்து என்பதற்கு எந்த நம்பிக்கையும் தேவையில்லை, வேறு எதுவாகவும் இல்லாமலிருந்தால் போதும். 1995இல் உச்ச நீதிமன்றம் இந்துத்துவா வழக்குகளில் அது ஒரு வாழ்க்கை முறை, குறுகிய மதப்பொருளில் மட்டும் கொள்ள வேண்டியதில்லை என்றது. தேர்தல் மேடையில் இந்து என்பது வாழ்க்கை முறை, கல்யாணத்தில் அது மிச்சக் கணக்கு. சாதிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீஸ் போனால் மட்டும் அது கறாரான மதம்.

இந்தக் கறாருக்கு இரையானவர்களில் ஒருவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர். செருப்புத் தைப்போருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை. சூசை எதிர் இந்திய ஒன்றியம் என்ற அந்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை ஆய்வு மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அதே கொடுமையோடு தொடர்கிறது என்று நிறுவ வேண்டும், அப்படி நிறுவும் விரிவான ஆய்வு எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். ஆய்வு இல்லை என்பதால் கடை இல்லை! கல்விப்புல விவாதம் வெறும் வாய்ப்பந்தல் என்று நினைக்கும் தோழர்கள் இந்த ஒரு தீர்ப்பை நினைத்துக்கொண்டால் போதும்.

2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்பிக்கை உண்மையா என்று யாரைக் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். கோயிலுக்கே போகாத, கடவுளே இல்லை என்று சொல்லும் உயர்சாதிக்காரரிடம் உன் சாதி போயிற்றா என்று எந்த ஆபீசும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அதனால் போவது கல்வி உதவித்தொகை மட்டுமல்ல. ஒரே தெருவில் அண்ணன் தம்பி இரண்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்காரர்கள் வந்து இரண்டு வீட்டையும் அடித்து நொறுக்குகிறார்கள். அண்ணனுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. ஞானஸ்நானம் எடுத்த தம்பிக்கு இல்லை. அடித்தவர்கள் சான்றிதழ் பார்த்து அடிக்கவில்லை. தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கும் தம்பி நிற்க முடியாது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது, அதன் காலக்கெடுவும் நீட்டிக்கப்பட்டது.

'உண்மையான' மதமாற்றமா?

இராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில், மலையை ஒட்டியே போனால் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். டில்லியிலிருந்து தலைவர்கள் ஓடி வந்தார்கள், பத்திரிகைகள் வந்தன, ஆய்வாளர்களும் வந்தார்கள். எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது உண்மையான மதமாற்றமா, இல்லை வளைகுடாப் பணமா, சமூக எதிர்ப்பா?

இந்தக் கேள்வியே 'மதம்' என்ற சொல் வைத்த பொறி. மதம் என்றால் உள்ளத்தில் இருக்கும் தூய நம்பிக்கை என்று முதலில் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு, டீக்கடையில் சமமாக உட்கார வேண்டும், போலீஸ் அடிக்கக் கூடாது, 'டேய்' என்று கூப்பிடுகிறவன் 'பாய்' என்று கூப்பிட வேண்டும் என்று மக்கள் காரணம் சொன்னால், 'ஆகா, அப்படியானால் இது மதம் அல்ல' என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். மரியாதைக்காக மாறுவது போலி என்றால், மரியாதை கிடைக்கிறது என்பதற்காகவே ஒரு மதத்தில் நிலைத்திருப்பவர்களை என்னவென்று சொல்வது? அவர்களை யாரும் ஆய்வு செய்வதில்லை. பெரியார் இழிவு நீங்க இஸ்லாத்தைப் பரிந்துரைத்தபோது அல்லா மீது நம்பிக்கை வைக்கச் சொன்னாரா? சென்னைச் சேரி ஒன்றில் பெந்தெகொஸ்தே கிறித்தவப் பெண்களோடு பழகி எழுதிய நதேனியல் ராபர்ட்ஸின் 2016ஆம் ஆண்டு நூலைத் தோழர்கள் அவசியம் படியுங்கள். அந்தத் தெருக்களில் இந்துவும் கிறித்தவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மதம் மாறினால் சமூகம் பிளக்கும் என்ற பீதி வெளியே இருப்பவர்களுடையது.

அம்பேத்கர் இதை முன்பே கேட்டுவிட்டார்

'மதம் என்ற வகைமை ஆய்வுக்குப் பயன்படாது' என்று கல்விப்புலத்தில் உரத்துச் சொன்னவர்களில் டிமோதி ஃபிட்ஸ்ஜெரால்ட் முக்கியமானவர். 2000ஆம் ஆண்டில் வெளியான அவருடைய நூல் மதவியல் துறைகளில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுவந்த களங்களில் முக்கியமானது மகாராட்டிரத்து அம்பேத்கர் பௌத்தர்கள். இது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. ஒரே பெயரின் கீழ் அவர் வேறுவேறு மனிதர்களைப் பார்த்தார். குலதெய்வத்தையும் சாதி வழக்கங்களையும் விடாத கிராமத்துப் பௌத்தர், நூல்களின் வழியே பௌத்தத்தை அறிந்த படித்தவர், சாதி ஒழிப்பையே தம்மமாகக் கொண்ட செயல்பாட்டாளர். எல்லாரையும் 'பௌத்த மதத்தினர்' என்று ஒரே கட்டத்தில் போட்டால் எதுவும் விளங்கவில்லை. அதற்குப் பதில் சடங்கு, அரசியல், விடுதலைக் கோட்பாடு என்று பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது என்கிறார் அவர்.

ஆனால் அவருக்கும் முன்னால் இதைக் கேட்டவர் பாபாசாகேப். 1936இல், ஆற்ற விடாமல் தடுக்கப்பட்ட அந்த லாகூர் உரையில், விதிகளின் மதத்தையும் கொள்கைகளின் மதத்தையும் பிரித்தார். இந்துக்கள் மதம் என்று சொல்வது உண்மையில் சட்டம்தான், வர்க்க நலனுக்கான சட்டத்துக்கு மதம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள், அந்த முகமூடியைக் கழற்றினால்தான் அதை மாற்றலாம் என்று மக்கள் புரிந்துகொள்வார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் மறைவுக்குப் பிறகு 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் மதத்தையும் தம்மத்தையும் இன்னும் தெளிவாகப் பிரிக்கிறார். மதம் தனிமனிதருடையது, தம்மம் சமூகத்துடையது. இரண்டு பேர் சேர்ந்து வாழும் இடத்தில் தம்மம் இல்லாமல் முடியாது. 1956 அக்டோபர் 14 நாக்பூரை 'மதமாற்றம்' என்று மட்டும் எழுதுகிற ஆய்வு, அவர் எதைத் தள்ளினாரோ அதே சொல்லுக்குள் அவரை மறுபடி அடைக்கிறது.

ஆகமம் என்றால் பேச்சு முடிந்ததா?

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இளையராஜா அர்த்த மண்டப வாசலில் நின்ற காணொளி நாடு முழுக்கச் சுற்றியது. அர்ச்சகர்களும் ஜீயர்களும் தவிர யாரும் அங்கே போவதில்லை என்பது மரபு என்று கோயில் தரப்பு விளக்கம் தந்தது. பொய்ச்செய்தி பரப்பப்படுகிறது, சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் நானல்ல என்று இளையராஜாவும் சொன்னார். அதை நாம் ஏற்போம். எங்கள் கவனம் அன்றைய விவாதத்தின் வடிவத்தின் மேல். தொலைக்காட்சியில் எல்லாரும் 'சாதியா, ஆகமமா?' என்று கேட்டார்கள். ஒன்று என்றால் மற்றது இல்லை என்பது போல.

கேட்க வேண்டியது வேறு: அந்த வாசலைத் தாண்டும் தகுதி யாருக்குப் பிறப்பால் வருகிறது? 1970இல் தமிழ்நாடு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், அர்ச்சகரை நியமிப்பது மதச்சார்பற்ற செயல் என்று சட்டத்தை ஏற்றது, ஆனால் யார் மூர்த்தியைத் தொடலாம் என்ற ஆகம விதியைத் தொடாமல் விட்டது. 2015 தீர்ப்பும் ஆகமப்படி என்றே முடிந்தது. நொபிலி போட்ட கோடு, இந்த முறை தலைகீழாக! சாதி 'மதம்' என்று ஆகிவிட்டால் அரசியல் சட்டம் அதைக் காக்கிறது. 2021இல் பயிற்சி பெற்ற பிற சாதியினர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டபோது நீதிமன்றப் படிகளில் நடந்த போராட்டமும் இந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

ஒரு நியாயமான மறுப்பு

'மதம் என்பது கட்டமைப்பு என்று சொன்னால் சங்கிகளுக்கு வசதியாகாதா? நாளை அவர்களும் சாதி காலனியக் கட்டமைப்பு என்பார்களே? மதச் சுதந்திரம் என்ற உரிமையே போய்விடாதா?' என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சாதியை வெள்ளைக்காரன் உண்டாக்கினான் என்ற பேச்சு ஏற்கெனவே நடக்கிறது.

எங்கள் பதில் இது. கட்டமைக்கப்பட்டது என்றால் பொய் என்று பொருளில்லை. மேலப்புதூர்ச் சுவரும் கட்டப்பட்டதுதான். 'மதம்' என்ற சொல் சட்டத்தில், கணக்கெடுப்பில், கலவரத்தில் ஆள் அடிக்கிறது, வேலையைப் பறிக்கிறது. மதத்தின் பெயரால் முஸ்லிமும் கிறித்தவரும் தாக்கப்படும் நாட்டில் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவை நாம் ஒரு அங்குலம் விட்டுத்தர முடியாது. சட்டத்தில் அந்தச் சொல் கேடயமாக இருக்கும்வரை அதைப் பிடித்துக்கொள்வோம். ஆய்வில் அந்தச் சொல்லை விளக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே எங்கள் வாதம். ஒருவர் கிறித்தவர் என்பதால் இப்படி நடந்துகொள்கிறார் என்று எழுதினால் எதையும் விளக்கியதாகாது. அவர் கிறித்தவர் என்று எங்கே சொல்கிறார், எங்கே சொல்லாமல் இருக்கிறார், சொன்னால் என்ன போகிறது என்று எழுதினால் அது ஆய்வு.

அப்படியானால் எதைக் கேட்பது?

2025இல் கூமாபட்டி ரீல்ஸ் பரவிய பிறகு பிளவக்கல் அணையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வந்தது. மலை, தண்ணீர், தென்னந்தோப்பு எல்லாம் படம் பிடிக்கப்பட்டன. சேரி எந்த ரீல்ஸிலும் வரவில்லை. ஆய்வும் அப்படி ஆகிவிடக் கூடாது. மதக் கட்டத்துக்குப் பதிலாக, ஊர் தனக்குள் பயன்படுத்தும் சொற்களிலிருந்து எங்களுக்குத் தோன்றிய ஐந்து கேள்விகளைச் சொல்கிறோம். கோயிலோ சர்ச்சோ தர்காவோ எதற்கும் இவை பொருந்தும்.

வரி: திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்க மறுக்கிறார்கள்? வரி வாங்காதவனுக்கு ஊரில் பங்கு இல்லை என்று அர்த்தம். சேரியிடம் வரி வாங்காததைச் சலுகை என்று எழுதிவிடாதீர்கள்.

மரியாதை: முதல் மரியாதை யாருக்கு, கடைசியில் யாருக்கு, யாருக்கு இல்லவே இல்லை? பங்குத் திருவிழாவிலும் இது உண்டு.

தெரு: சப்பரமும் தேர்ப்பவனியும் எந்தத் தெருவரை வருகின்றன, எங்கே திரும்புகின்றன?

வேலை: பறை அடிப்பது, குழி வெட்டுவது, சாவுச் செய்தி சொல்லப் போவது யார்? மறுத்தால் என்ன நடக்கும்? கண்மாய் மடை திறக்கும் நாளில் பொங்கலும் கிடாவும் உண்டு. அது மதமா விவசாயமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மடையில் இறங்குவது யார், அவருக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

பிணம்: எந்தப் பாதையில் போகிறது, எந்த இடத்தில் புதைக்கப்படுகிறது? சுடுகாட்டுப் பாதையையும் கல்லறைத் தோட்டத்தையும் ஒரே அட்டவணையில் வையுங்கள்.

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு, 'மதம்' என்ற சொல் அந்த ஊரில் எங்கே, யார் வாயிலிருந்து, எந்தத் தருணத்தில் வருகிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சேர்க்கையில் வருகிறதா, சாதிச் சான்றிதழில் வருகிறதா, சண்டையில் வருகிறதா? அதுவே ஒரு நல்ல அத்தியாயமாகும்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் கேட்கப்போவதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. மதமும் சாதியும் ஒரே வீட்டு வாசலில் கேட்கப்படும். அந்த நாளில் நம் மக்கள் எதைச் சொல்கிறார்கள், எதற்கு அஞ்சி எதை மறைக்கிறார்கள் என்பதை வெளியிலிருந்து யாரும் பதிவு செய்யப்போவதில்லை. ஆய்வு இல்லை என்று ஒரு நீதிமன்றம் 1985இல் சொன்னது. இனியும் அப்படிச் சொல்ல விடாமலிருப்பது ஆய்வு மாணவர்கள் செய்யக்கூடிய வேலை. தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் தோழர்கள் இந்தப் பக்கம் வாருங்கள். தங்குவதற்கு இடமும், பேசுவதற்கு மனிதர்களும் இருக்கிறார்கள். வினாத்தாளின் நான்காவது கேள்வியை மட்டும் அடித்துவிட்டு வாருங்கள்.

ஜெய்பீம்.